தருமத்துக்கு ஓர் உறுதி

தருமம் தலைகாக்கும் என்று சிறுவயதிலே படித்தோம். அத்தருமத்தைக் காப்பவர் யார் என்பதை எவரும் எமக்குச் சொல்லித் தந்ததில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய தெருக்களில் நடப்போர் கண்ணில் இக்கேள்விக்குரிய சான்றுகள் பல படும். வழிப்போக்கர் தங்கிய மடம், அதன் அருகே கேணி, மாடுகள் உடல் உராய்ந்து கொள்வதற்கென நாட்டிய ஆவுரோஞ்சிக்கல், தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி. இவை யாவும் யாரோ ஒருவர் மனமுவந்து செய்த தருமங்கள். பருத்தித்துறைத் தெருமூடி மடம் போன்ற சில இன்றும் நிற்கின்றன. வேறு பல கூரை இழந்து, கேணி தூர்ந்து, ஆலமரத்து வேருக்கு இரையாகிக் கிடக்கின்றன. போர் அழித்தவை உண்டு. போர் வருமுன்னரே கவனிப்பாரற்று அழிந்தவையும் உண்டு. மடத்தைக் கட்டியவர் அதன் பராமரிப்புக்கென்று ஒரு தோட்டக் காணியையும் விட்டுச் சென்றிருப்பார். மகன் காலத்தில் விளக்கு எரிந்திருக்கும். பேரன் காலத்தில் காணி குத்தகைக்குப் போயிருக்கும். பூட்டன் காலத்தில் காணி யாருடையது என்பதே வழக்காகியிருக்கும்.

கொடுப்பதற்கு மனம் போதும். கொடுத்தது நிலைப்பதற்கு எழுத்து வேண்டும். அவ்வெழுத்தை எழுதத் தக்க ஒருவரும் வேண்டும். அத்தகைய ஒருவரைத் தேடி நாம் அலைந்த கதையையும், அத்தேடலிலே அறிந்து கொண்டவற்றையும் வாசகர்களுக்குச் சொல்வது பயன்தரும் என எண்ணுகின்றோம். பிள்ளைகளும் பெறாமக்களும் கடல் கடந்து போய்விட, காணியும் வீடும் கையில் இருக்க, "இதை ஒரு நல்ல காரியத்துக்கு எழுதி வைத்தால் என்ன?" என்று நினைக்கும் முதியோர் இன்று நம் ஊர்களிலே பலர் இருக்கின்றனர்.

எமக்குப் பெரியம்மா முறையான ஒருவர் அவர்களுள் ஒருவர். வலிகாமத்துச் செம்மண் ஊர் ஒன்றிலே, எண்பதை எட்டும் வயதில், தனியே வாழ்பவர். பிள்ளைகள் இல்லை, கணவர் மறைந்து நெடுங்காலமாயிற்று. 35 ஆண்டுகள் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவர் ஆதலால் ஊரில் பாதிப்பேர் அவரிடம் எழுதப் பழகியவர்களே. ஒருநாள் பின்னேரம் எம்மை அழைத்து, "தம்பி, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இருந்து படிக்க ஓர் இடம் இல்லை. ஒரு வீட்டில் விளக்கு இல்லை. ஒரு வீட்டில் சத்தம். இந்த வளவை அதற்கென்று எழுதிவிட வேண்டும். நல்ல ஆளாய் ஒருவரைப் பார்" என்றார். மாப்பிள்ளை பார்ப்பதற்கும் நம்மவர் சொல்வது இதே சொல்தான். பார்க்கப் புறப்பட்டபின்புதான் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு பொறுப்பு வாய்ந்தவை என்பது தெரிந்தது.

நம் தந்தையர் காலத்தில் காணி எழுத்துக்குப் பிரக்கிராசியிடமும், வழக்குப் பேச அப்புக்காத்திடமும் போவது வழக்கம். 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் அவ்விரு பிரிவையும் ஒன்றாக்கியது; 1974 முதல் எல்லோரும் சட்டத்தரணிகளே. எனினும் சட்டத்தரணி எல்லோரும் நொத்தாரிசு அல்லர். காணி உறுதி முடிப்பதற்குப் பிரசித்த நொத்தாரிசு என்ற தனி அனுமதி வேண்டும். அவ்வனுமதி இன்ன பகுதியில், இன்ன மொழியில் தொழில் செய்யலாம் என்று வரையறுத்தே வழங்கப்படுவது. எமக்குக் கொழும்பிலே சட்டத்தரணியான உறவினர் ஒருவர் உண்டு. "நானே எழுதித் தருவேன், ஆனால் என் அனுமதி கொழும்புக்கு உரியது. பெரியம்மா இங்கே வந்துதான் ஒப்பமிட வேண்டும்" என்றார். முழங்கால் நோவுடன் படலையடி வரை நடப்பதே பாடாக இருப்பவரைக் கொழும்புக்குக் கொண்டுபோவது எங்ஙனம்? மேலும், காணியின் எல்லையும் ஒழுங்கையும் கிணற்றுப் பங்கும் அறிந்தவர் எழுதுவதற்கும், தாளில் மட்டும் பார்த்தவர் எழுதுவதற்கும் வேறுபாடு உண்டல்லவா? ஆகவே உள்ளூரிலேயே தேடினோம்.

முதலில் நாம் சென்றது நகரத்திலே பலரும் வந்துபோகும் ஒரு கந்தோருக்கு. அங்கிருந்தவர் பெரியம்மாவின் பழைய உறுதியின் படியை ஒரு கணம் புரட்டினார். கணினியில் ஏற்கெனவே ஒரு படிவம் இருந்தது. பெயரையும் எல்லையையும் மாற்றினால் முடிந்தது. "நாளை பத்து மணிக்கு அடையாள அட்டையையும் இரண்டு சாட்சிகளையும் கொண்டு வாருங்கள். மத்தியானத்துக்குள் முடித்துத் தரலாம்" என்றார். வேலை விரைவாய் முடிவது எவருக்கும் மகிழ்ச்சியே. எனினும் அப்படிவத்தின் படி ஒன்றை வாங்கி வந்து பெரியம்மாவிடம் கொடுத்தோம். அதிலே பொறுப்பாளர் ஒருவரே. அவர் இறந்தால் அடுத்தவர் யார் என்பது இல்லை. கணக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பொறுப்பாளர் தக்கதெனக் கருதின் காணியை விற்கலாம் என்ற வரி மட்டும் தெளிவாக இருந்தது. பெரியம்மா முழுவதையும் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது எந்த ஊர்க் காணிக்கும் பொருந்தும், தம்பி. அதனால் எனக்குப் பொருந்தாது" என்றார்.

அடுத்து நாம் கண்டவர் மல்லாகம் நீதிமன்றத்திலே நல்ல பெயர் எடுத்தவர். கதையை முழுவதும் கேட்டபின், "எனக்கு வழக்குப் பேசத் தெரியும். நம்பிக்கைப் பொறுப்பு எழுதுவது வேறு கைப்பழக்கம். பிழையாய் எழுதியவற்றை நீதிமன்றத்திலே பார்த்துப் பார்த்து எனக்கு அதில் பயம் உண்டு" என்று சிரித்தார். ஆலோசனைக்குப் பணமும் வாங்கவில்லை. ஊர்ப்புறத்தில் இருக்கும் முதிய நொத்தாரிசு ஒருவரின் பெயரைச் சொல்லி அனுப்பினார். தம்மால் இயலாததை இயலாது என்று சொல்பவரின் சிபாரிசு நம்பத்தக்கது என்று எமக்குத் தோன்றியது.

அம்முதியவரின் கந்தோர் அவர் வீட்டு முன்விறாந்தைதான். சுவர் அலுமாரியில் அவர் முடித்த உறுதிகளின் மூலப்படிகள் ஆண்டுவாரியாகக் கட்டப்பட்டு அடுக்கியிருந்தன. அவர் முதலில் பேனாவை எடுக்கவில்லை. பெரியம்மாவுக்கு ஒரு கதிரையும் தேநீரும் வருவித்தார். பிறகு, "ரீச்சர், காணி உங்களுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டார்.

பெரியம்மா மடியிலிருந்த மெழுகுசீலைப் பொட்டலத்தை அவிழ்த்தார். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலம் வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது, அவர் சோற்றுப் பானையை விட்டுவிட்டுக் கையில் எடுத்துச் சென்றது அப்பொட்டலத்தைத்தான். அன்று உறுதிகளை இழந்தோர் பலர். அத்தகையோர் மனம் தளர வேண்டியதில்லை. ஓர் உறுதிக்கு மூன்று படிகள் உண்டு: ஒன்று உரியவரிடம், ஒன்று காணிப் பதிவகத்தில், மற்றொன்று நொத்தாரிசின் மூலப்படிக் கட்டில். பின்னிரண்டில் ஒன்று தப்பியிருந்தாலும் அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம்.

"பின்வளவு மூன்று பரப்பும் வீடும் அம்மா தந்த சீதனம். முன்துண்டு இரண்டு பரப்பு, கல்யாணத்துக்குப் பிறகு அவர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது."

"யார் பெயரில் வாங்கினார்?"

"தம் பெயரில்."

"மரணசாதனம் எழுதினாரா?"

"இல்லை."

"கூடப் பிறந்தவர்கள்?"

"இரண்டு பேர். இருவரும் போய்விட்டார்கள். பிள்ளைகள் ஐந்து பேர் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள்."

முதியவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "சீதனம் முழுவதும் உங்களுடையது. முன்துண்டு தேடிய தேட்டம். பிள்ளையில்லாதவர் மரணசாதனம் இல்லாமல் இறந்தால், அவருடைய தேடிய தேட்டத்தில் ஒரு பங்கு உடன்பிறந்தார் வழிக்குப் போகும். இத்தனை ஆண்டும் நீங்கள் வேலியடைத்து வரி கட்டினாலும் அந்தப் பங்கு அப்படியேதான் இருக்கிறது" என்றார்.

வடமாகாணத் தமிழர்க்குரிய தேசவழமை ஒல்லாந்தர் காலத்தில், 1707 அளவில், எழுத்தில் தொகுக்கப்பட்டது. 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் தேசவழமைக்குட்பட்டோரின் விவாக ஆதன உரிமையையும் வாரிசுரிமையையும் வகுத்தன. முதுசமா, சீதனமா, தேடிய தேட்டமா என்ற வினாவுக்கு விடை தெரியாமல் இங்கே எவரும் தருமம் எழுதலாகாது. கணவர் உயிரோடிருக்கும் பெண் தன் சீதனக் காணியையே கொடுப்பதாயினும், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று அக்கட்டளைச் சட்டம் சொல்கின்றது. முதலிலே கண்ட கந்தோரில் இவ்வினாக்களுள் ஒன்றேனும் எழவில்லை. அன்று மத்தியானத்துக்குள் முடிந்திருக்கக் கூடிய உறுதியின் மேல் பத்தாண்டு கழித்து ஒரு வழக்கு எழுந்திருக்கும். அப்பொழுது விடை சொல்லப் பெரியம்மா இருந்திருக்க மாட்டார்.

பெரியம்மாவின் முகம் வாடிற்று. தெருவோரமாய் உள்ள முன்துண்டிலே படிப்பு மண்டபம் கட்ட வேண்டும் என்பதே அவருடைய ஆசை. ஐவருக்கும் எழுதினோம், திறன்பேசியில் முகம் பார்த்தும் பேசினோம். நால்வர் மனமுவந்து தம் பங்கைத் தருவதாகச் சொன்னார்கள். அந்தந்த நாட்டில் உள்ள இலங்கைத் தூதரகத்திலோ துணைத்தூதரகத்திலோ ஒப்பமிட்டு அற்றோணித் தத்துவம் அனுப்பவும் ஆயத்தமாயினர். ஒருவர் மட்டும் மறுத்தார். "என் அப்பாவுக்கு ஊரிலே மிஞ்சியது அது ஒன்றுதான், சித்தப்பா. நான் ஒருநாள் வந்து நின்று பார்க்க ஓர் அடி நிலம் வேண்டும்" என்றார். அதைத் தவறு என்று யார் சொல்ல முடியும்?

ஏழு மாதம் கழிந்தது. சிலர் பங்கு வழக்குத் தொடரச் சொன்னார்கள். முதியவரிடம் கேட்டபோது அவர் தலையசைத்தார். "வழக்குள்ள ஐந்து பரப்பிலும் வழக்கில்லாத மூன்று பரப்பு மேல். பின்வளவுக்கு ஒழுங்கை இருக்கிறது. சீதன உறுதியிலேயே வழிவாய்க்கால் உரிமையும் கிணற்றில் பாதிப் பங்கும் எழுதியிருக்கிறது. அங்கே தொடங்குங்கள். முன்துண்டு தானாய் வந்தால் பிறகு சேர்க்கலாம்" என்றார். பெரியம்மா இரண்டு நாள் பேசாதிருந்து, மூன்றாம் நாள் சம்மதித்தார்.

இங்கே நம்பிக்கைப் பொறுப்பு என்பதன் பொருளைச் சிறிது சொல்வது தகும். ஒருவர் தம் பொருளை இன்னொருவரிடம் ஒப்படைக்கின்றார். ஒப்படைக்கப்பட்டவர் சட்டப்படி உடையவர் போல நிற்பார்; ஆனால் அதன் பயன் அவருக்கன்று, வேறொருவருக்கு. இக்கருத்து ஆங்கிலேயர் சட்டத்தின் வழி வந்தது. இந்தியாவின் 1882 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெரிதும் தழுவி, 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் இலங்கையில் ஆக்கப்பட்டது. பௌத்த விகாரைகளின் சொத்துக்கு 1931 இல் தனிக் கட்டளைச் சட்டம் வந்தது. நம் சைவக் கோயில்களின் பொறுப்பு இன்றும் 1917 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேதான் வருகின்றது. வறுமை நீக்கல், கல்வி வளர்த்தல், சமயம் பேணல், பொதுநலம் பயக்கும் பிற காரியங்கள் ஆகியவற்றை அது தரும நோக்கங்களாக ஏற்கின்றது.

முதியவர் இதனை ஐந்து விரல்களால் எமக்கு விளக்கினார். ஒப்படைக்கும் எண்ணம் தெளிவாக வேண்டும். நோக்கம் தெளிவாக வேண்டும். பயன் பெறுவோர் யாவர் என்பது தெளிவாக வேண்டும். பொருள் எது என்பது தெளிவாக வேண்டும். இறுதியாக, அப்பொருள் பொறுப்பாளர் கைக்கு முறைப்படி மாற வேண்டும். "இதில் ஒரு விரல் மடங்கினாலும் கை பிடிக்காது" என்றார்.

மூன்றாவது விரலைப் பற்றியே நெடுநேரம் பேச நேர்ந்தது. முதல் வரைவில் "ஏழை மாணவர்" என்று இருந்தது. பெரியம்மா அதை அடிக்கச் சொன்னார். "ஏழை என்று எழுதிய வாசலுக்குள் எந்தப் பிள்ளை ஐயா தலை நிமிர்ந்து வரும்? ஊர்ப் பிள்ளைகள் என்று எழுதுங்கள்."

"கல்வி தனியே ஒரு தரும நோக்கம், ஏழை என்ற சொல் இல்லாமலே சட்டம் ஏற்கும்" என்றார் முதியவர். பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, மெல்லக் கேட்டார்: "ஊர்ப் பிள்ளைகள் என்றால் யார், ரீச்சர்? ஒழுங்கைக்கு அப்பால் இருக்கும் பிள்ளைகளும் வருவார்களா? அவர்களும் இந்தக் கிணற்றில் அள்ளிக் குடிப்பார்களா?"

விறாந்தையில் ஒருவரும் பேசவில்லை. யாழ்ப்பாணத்தார் எவருக்கும் இக்கேள்வியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. அக்கிணற்றடியிலே பெரியம்மாவின் தாயார், சிலருக்கு வாளியைக் கொடாமல், ஏந்திய கையிலே தண்ணீர் வார்த்ததைப் பெரியம்மா சிறுமியாய் நின்று பார்த்தவர். வளர்ந்தபின் பள்ளிக்கூடத்தில் அவர்களுடைய பிள்ளைகளின் விரல் பிடித்து அகரம் எழுதுவித்தவரும் அவரே. பள்ளிக்கூடம் ஒரு முறை. கிணற்றடி ஒரு முறை. இரண்டையும் ஒன்றாய் நிறுத்தி எவரும் அவரைக் கேட்டதில்லை.

"சாதி காரணமாகப் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பது 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம்" என்றார் முதியவர். "ஆனால் அச்சட்டம் யாரேனும் முறைப்பாடு செய்தால்தான் எழுந்து வரும். முறைப்பாட்டுக்கு இடமில்லாமல் பண்ணுவது உங்கள் உறுதி. இப்பொழுது எழுதாமல் விட்டால், நீங்கள் இல்லாத காலத்தில் வருகிற பொறுப்பாளர் 'ஊர்' என்ற சொல்லுக்குத் தம் விருப்பப்படி எல்லை போடுவார்."

பெரியம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "எழுதுங்கள், ஐயா. சாதி, சமய வேறுபாடு இன்றி என்று எழுதுங்கள். கிணறு என்ற சொல்லையும் போட்டே எழுதுங்கள். கிணற்றை விட்டால் அதிலேதான் தொடங்குவார்கள்."

எமக்கு அந்நேரம் ஒன்று தெளிவாயிற்று. வாழும்வரை நாம் பல கேள்விகளுக்கு விடை சொல்லாமலே காலங் கடத்தலாம். அன்றன்று நேர்வதை அன்றன்று பார்த்துக் கொள்ளலாம். நாம் இல்லாத நாளுக்கென எழுதும்போது அது இயலாது. நல்ல சட்டத்தரணி செய்வது, அவ்விடையை நம் வாயாலேயே சொல்லுவித்து, பிறர் திரிக்க முடியாத சொல்லிலே கட்டுவதுதான்.

பொறுப்பாளர் யார் என்ற வினா அடுத்தது. எம்மையும் பெறாமகன் ஒருவரையும் போடலாம் என்பது பெரியம்மாவின் எண்ணம். "இருவர் போதாது, கருத்து வேறுபட்டால் காரியம் நின்றுவிடும். ஐவர் இருக்கட்டும். எல்லோரும் உறவினராய் இருக்க வேண்டாம்" என்றார் முதியவர். ஊர்ப் பாடசாலையின் அதிபர் பதவிவழியாக ஒருவர்; பழைய மாணவர் இருவர், அவர்களுள் ஒருவர் பெண்; உறவினர் இருவர். ஒருவர் விலகினாலோ இறந்தாலோ எஞ்சியோர் 90 நாளுக்குள் இன்னொருவரை நியமிக்க வேண்டும். தவறின் பிரதேச செயலாளர் பெயர் குறிக்கலாம். பெறாமகன் கனடாக் குடியுரிமை பெற்றவர். வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. அச்சிக்கல் வேண்டாமென்று அவரை ஆலோசகராக மட்டும் வைத்தோம்.

பொறுப்பை ஏற்பவர்க்கும் சிலவற்றை எடுத்துச் சொன்னார். ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. ஏற்றபின் நினைத்தவுடன் உதறிவிட முடியாது. உறுதியில் எழுதினாலன்றிச் சம்பளம் கேட்க முடியாது. தருமச் சொத்தால் தமக்கு இலாபம் தேட முடியாது. கணக்கு வைத்தே ஆக வேண்டும். வங்கிக் கணக்குக்கு இருவர் ஒப்பம். ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று கணக்கை ஊரார் முன் வாசிக்க வேண்டும் என்று எழுதினோம். பொறுப்பு மீறப்பட்டால், அத்தருமத்தில் அக்கறையுள்ளோர் ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்தை நாடச் சட்டம் இடமளிக்கின்றது. அதனை ஊரவர் அறிந்திருப்பதே பாதிக் காவல்.

நோக்கத்தையும் ஒற்றை வரியிலே அடைத்துவிடவில்லை. 1960 ஆம், 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகள் அரசின் கைக்குப் போனபோது, பாடசாலை நடத்துவதையே நோக்கமாய்க் கொண்டு நிறுவப்பட்ட பொறுப்புகள் செய்வதறியாது நின்றதை முதியவர் நினைவூட்டினார். ஆகவே படிப்பு மண்டபம். அது இயலாதாயின் நூல்நிலையம். அதுவும் இயலாதாயின் புலமைப் பரிசில் என்று படிப்படியாக எழுதப்பட்டது. விற்கவும் ஈடு வைக்கவும் கூடாது என்றும் எழுதப்பட்டது.

பெரியம்மா எதிர்த்தது ஒன்றைத்தான். தாம் வாழுங் காலம் வரை அவ்வீட்டில் இருப்பதற்குச் சீவிய உரித்தை ஒதுக்கி எழுத வேண்டும் என்று முதியவர் சொன்னபோது, "கொடுத்தது கொடுத்ததுதான், அதிலே எனக்கென்று என்ன ஒதுக்கல்?" என்றார். முதியவர் முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். "ரீச்சர், தருமம் செய்தவர் தெருவிலே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பொறுப்பாளர் நல்லவராயிருப்பார், அவருக்குப் பின் வருபவரை உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சீவிய உரித்து இல்லாமல் நான் இதை முடிக்க மாட்டேன்." பெரியம்மா இணங்கினார். தம் கட்டணம் கெட்டாலும் கெடட்டும் என்று இப்படி நிற்பவரைக் காண்பது அரிது.

வரைவைத் தமிழிலேயே எழுதி, வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, "ஒரு கிழமை வைத்துப் படியுங்கள்" என்றார். அதற்கிடையில் காணிப் பதிவகத்தில் 30 ஆண்டுக்குக் குறையாமல் தேடுவித்து, ஈடோ தடையோ இல்லை என்று உறுதிப்படுத்தினார். தம் கட்டணம் இவ்வளவு, முத்திரைச் செலவு இவ்வளவு, பதிவுச் செலவு இவ்வளவு என்று பிரித்து எழுதி முன்கூட்டியே தந்தார்.

ஒப்பமிடும் நாளில் முழு உறுதியையும் உரக்க வாசித்தார். கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என்று எல்லை வாசிக்கப்படுகையில் பெரியம்மா கண்ணை மூடி அவ்வளவை ஒருமுறை சுற்றி வந்தார் போலும், உதடு அசைந்தது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கேட்பதுபோல நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே வேளையில் முன்னிருக்க, பள்ளிக்கூடத்து வரவேட்டில் இடும் அதே வட்டெழுத்தில் ஒப்பமிட்டார். நொத்தாரிசு தம்மிடமுள்ள இரண்டாம் படியை அடுத்த மாதம் 15 ஆம் நாளுக்கு முன் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். அதுவரை காத்திராமல் உறுதியை உடனே பதிவும் செய்வித்தார். 1927 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின்படி முந்திப் பதிந்த உறுதிக்கே முதன்மை என்பதால் இந்த அவசரம் வேண்டியதே.

இப்பொழுது பின்வளவில் ஓர் ஓலைக்கொட்டிலும் ஆறு மேசைகளும் மின்விளக்கும் இருக்கின்றன. ஒழுங்கையின் இரு பக்கத்துப் பிள்ளைகளும் வருகின்றனர். கப்பியிலே ஒரு வாளிதான் தொங்குகின்றது. பெரியம்மா விறாந்தையில் அமர்ந்து, சத்தம் போடுவோரை அதட்டுகின்றார். மறுத்த மகன் சென்ற ஆண்டு வந்து முன்துண்டில் சிறிது நேரம் நின்றுவிட்டு, கொட்டிலுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிக் கொடுத்துப் போனார். நிலத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

இவ்வழியில் இறங்க எண்ணுவோர்க்கு எம்மால் சொல்லக் கூடியவை சில. நாடிச் செல்பவர் நொத்தாரிசு அனுமதி உடையவரா, உங்கள் பகுதிக்கும் உங்கள் மொழிக்கும் உரியவரா என்று முதலிலேயே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. முன்பு நம்பிக்கைப் பொறுப்பு எழுதியிருக்கின்றாரா என்றும் கேளுங்கள். பதிவகத்திலே தேடாமல் எழுதுகின்றேன் என்பவரிடமும், வரைவை வீட்டுக்குக் கொடாதவரிடமும், தம்மையே பொறுப்பாளராக்கச் சொல்பவரிடமும் காணியைக் கொடாதீர்கள். செலவைப் பிரித்து எழுதி வாங்குங்கள். விளங்காத சொல் ஒன்று இருந்தாலும் ஒப்பமிடாதீர்கள். கைக்கு ஒப்பமிடும் வலுவும் மனத்துக்குத் தெளிவும் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.

இவை அனைத்துக்கும் மேலாக ஒன்று. உங்களிடம் அவர் எத்தனை கேள்வி கேட்கின்றார் என்று எண்ணிப் பாருங்கள். கேள்வி இல்லாமல் எழுதப்பட்ட தருமத்தின்மேல் கேள்விகள் பின்னால் வரும். அவற்றுக்கு விடை சொல்ல அன்று நாம் இருக்க மாட்டோம். நாம் எழுதி வைத்த தாள் ஒன்றே இருக்கும்.